வெற்று வாக்குச்சீட்டும் வாக்காளர் நோக்கமும்: கொல்லிமலை ஆலத்தூர் நாட்டை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. மலையாளிப் பழங்குடியினரின் மரபுவழி வட்டார அலகான 'நாடு' இங்கு ஊராட்சியின் பெயராகவே நிலைத்துள்ளது. இத்தகைய ஊராட்சியில் வாக்காளர் சிலர் ஒரு சீட்டில் முத்திரையிட்டு மற்றொன்றை வெறுமையாக விடுவது அறியாமையாகவே பெரிதும் கருதப்படுகிறது. அக்கருத்து போதுமானதன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு சீட்டுகள்

நாமக்கல் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள் என நான்கு நிறச் சீட்டுகள் வழங்கப்பட்டன. முதலிரண்டும் கட்சி சாராதவை. பின்னிரண்டும் கட்சி அடிப்படையிலானவை. போட்டியின்றித் தேர்வான பதவிக்குச் சீட்டே வழங்கப்படுவதில்லை. எனவே வழங்கப்படாத சீட்டையும் வெறுமையாக விடப்பட்ட சீட்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

காரணங்கள்

முதலாவது, அறிமுகத் தொலைவு. ஒன்றிய வார்டு ஏறத்தாழ 5,000 மக்களுக்கும், மாவட்ட ஊராட்சி வார்டு ஏறத்தாழ 50,000 மக்களுக்கும் ஒன்று என வகுக்கப்படுகிறது. வார்டு வேட்பாளர் அண்டை வீட்டினராக இருக்க, மாவட்ட வேட்பாளர் பெயரளவிலும் அறியப்படாதவராக இருக்கலாம். பல பதவிகளுக்கான வாக்கில் வாக்காளர் சிலவற்றைத் தவிர்ப்பதை அமெரிக்க அறிஞர் வால்டர் டீன் பர்னாம் 1965இல் ஆராய்ந்தார். அங்கே தவிர்க்கப்படுவன பெரும்பாலும் சீட்டின் அடியில் வரும் சிறு பதவிகள். ஊராட்சிச் சூழலிலோ தொலைவிலுள்ள பெரிய பதவியே தவிர்க்கப்படும் என எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது, உறவு. உறவினர் இருவர் எதிரெதிரே நிற்கையில் எவரையும் விலக்காதிருக்க வெற்றுச்சீட்டு வழியாகிறது. இது வெள்ளை, இளஞ்சிவப்புச் சீட்டுகளிலேயே நிகழக்கூடியது.

மூன்றாவது, மறுப்பு. உச்சநீதிமன்றம் 27.09.2013 அன்று வழங்கிய தீர்ப்பு, எவரையும் ஏற்காதவருக்கும் வாக்கின் மறைவுத்தன்மை உண்டு என நிறுவியது. 'நோட்டா' அதன் விளைவு. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல்களில் அவ்வசதி வழங்கப்படவில்லை. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் மறுப்பைப் பிறர் அறியாமல் தெரிவிக்க வெற்றுச்சீட்டே எஞ்சுகிறது.

நான்காவது, பிழை. நான்கு சீட்டுகளையும் ஒருசேரக் கையாளும் குழப்பத்தில் ஒன்று முத்திரை பெறாமல் போகலாம். அத்தகைய பிழை குறிப்பிட்ட நிறத்தைச் சார்ந்திராது.

பதிவின் குறை

இக்காரணங்கள் வெவ்வேறு நிறச் சீட்டுகளில் வெளிப்படுபவை. ஆகவே சோதித்தறியத் தக்கவை. ஆனால் எண்ணிக்கையில் வெற்றுச்சீட்டும், இருவருக்கு முத்திரையிட்ட சீட்டும், பிற பிழையுடைய சீட்டும் 'செல்லாதவை' என்னும் ஒரே தொகையுள் அடங்கிவிடுகின்றன.

இலங்கையின் 2024 குடியரசுத் தலைவர் தேர்தல் இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கே வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். முதல் விருப்பம் மட்டுமே கட்டாயம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாததால் விருப்ப வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. நீக்கப்பட்ட வேட்பாளர்கள் பெற்ற 33,21,666 வாக்குகளுள் 2,73,131 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடே, எஞ்சிய இருவரைச் சென்றடைந்தன. ஏனையவற்றுள் வெறுமையாக விடப்பட்டவை எத்தனை, நீக்கப்பட்ட பிறருக்கே குறிக்கப்பட்டவை எத்தனை என்பதை இத்தொகைகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது. எண்ணியவற்றை எவ்வாறு வகைப்படுத்துகிறோம் என்பதே வாக்காளர் நோக்கத்தை அறியும் எல்லையை வகுக்கிறது.

முடிவுரை

வெற்றுச்சீட்டுகளை நிறவாரியாகவும் ஊராட்சிவாரியாகவும் தனித்துப் பதிந்தால் அறியாமை, உறவு, மறுப்பு, பிழை ஆகியவற்றைப் பகுத்தறிய வழி பிறக்கும். மஞ்சளில் மிகுந்தால் மாவட்ட ஊராட்சி மக்களை எட்டவில்லை எனக் கருதலாம். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் மிகுந்தால் ஊரின் உள்முரணையோ மறுப்பையோ நோக்க வேண்டும். நான்கிலும் ஒத்திருந்தால் வாக்காளர் பயிற்சியைச் சீராக்க வேண்டும். காரணத்திற்கேற்பத் தீர்வும் வேறுபடுகிறது. இப்பகுப்பு இன்றிப் பழங்குடி வாக்காளரின் வெற்றுச்சீட்டை அறியாமை என்றே கணிப்பது, அவர் மறைவாகத் தெரிவித்த முடிவைப் பிழையாக மாற்றி எழுதுவதாகும்.