துப்பாக்கிமுனைக் கத்தியும் வரலாற்றுச் சான்றும்

கொட்டாஞ்சேனையில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் சில காலத்திற்கு முன்னர் துப்பாக்கிமுனைக் கத்தியொன்றைக் காண நேர்ந்தது. பேச்சுவழக்கிற் 'பயனெற்' எனப்படும் இக்கத்தி, 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பு வீதிகளிற் படையினரால் ஏந்திச் செல்லப்பட்டது என்பது விற்பனையாளரின் கூற்று. அலகின் அடியிற் பொறிக்கப்பட்டிருந்த 1907 என்னும் எண்ணே அவர் காட்டிய சான்று. விலையும் அக்கதைக்கேற்பவே அமைந்திருந்தது.

1915க்கு இத்தகைய சந்தைப் பெறுமதி ஏற்பட்டமைக்குக் காரணமுண்டு. அவ்வாண்டு மே மாத இறுதியில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட வன்செயல்களைத் தொடர்ந்து, ஜூன் 2ஆம் திகதி குடியேற்ற அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. ஹென்றி பெத்ரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை வெளிப்படுத்திப் பொன்னம்பலம் இராமநாதன் எழுதிய ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. (தாக்கப்பட்ட முஸ்லிம்களின் இழப்பு அதிற் பெற்ற இடம் சிறிதே என்பதையும் மறத்தலாகாது.) அரச வன்முறையின் கருவியொன்று உண்மையிற் கிடைக்குமாயின் அது பெறுமதி மிக்க ஆவணமே. ஆயின் பொய்ச்சான்று உண்மைச் சான்றுகளையும் ஐயத்துக்குள்ளாக்கும்.

1907 என்பது செய்யப்பட்ட ஆண்டன்று. ஏற்கப்பட்ட மாதிரியின் ஆண்டு. லீ-என்பீல்ட் குறுந்துப்பாக்கிக்கென, ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கிக் கத்தியைப் பின்பற்றி வகுக்கப்பட்ட இம்மாதிரியின் அலகு 17 அங்குல நீளமுடையது. பிரித்தானியத் தயாரிப்புகளில் அரசமுடியும் மன்னரின் பெயர்க்குறியும் மேலே இருக்கும், அடுத்து 1907, அதன் கீழேயே செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் சிறு எண்களாகவும், வில்கின்சன், சான்டர்சன், சப்மன் போன்ற தயாரிப்பாளர் பெயரும் காணப்படும். மறுபுறத்தில் அரச உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியும், பரிசோதகர் முத்திரைகளும், அலகை வளைத்துச் சோதித்தமைக்கு அடையாளமான பெருக்கற் குறியும் உள. முனையோடு முனை பொருந்திய இரு அம்புகள் காணப்படின், அப்பொருள் படைச் சேவையிலிருந்து விலக்கி விற்கப்பட்டதென அறிதல் வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கத்தியில் 1907இன் கீழ் இருந்தது 18 என்னும் ஆண்டெண். 1918இற் செய்யப்பட்ட இரும்பு 1915இற் கொழும்பில் நின்றிருக்க இயலாது. ஆண்டு பொருந்தியிருப்பினும் அது போதிய சான்றாகாது. கத்தி இங்கு வந்தமைக்கு வேறு ஆதாரம் வேண்டும்.

சேகரிப்போர் பெரிதும் நாடுவது குறுக்குத் தகட்டின் கீழ்முனை கொளுக்கியாக வளைந்த ஆரம்ப வடிவத்தையே. 1913இல் இக்கொளுக்கி கைவிடப்பட்டது; முன்னர் செய்யப்பட்டவற்றிற் பலவும் பின்னர் வெட்டப்பட்டன. எஞ்சியவை அரியன, அதனாலேயே போலிகளும் மலிந்துள்ளன. 1913க்குப் பிந்திய ஆண்டு பொறித்த பிரித்தானியக் கத்தியிற் கொளுக்கி காணப்படின் ஐயுறுதல் வேண்டும். தகட்டில் ஒட்டு வேலையின் தடம் உண்டா எனவும் நோக்குக. பிடியின் முடிவிலுள்ள குமிழில் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் வெளியேறுவதற்கான துளை 1916ஆம் ஆண்டளவில் புகுந்தது. பழைய கத்திகளிலும் அது பின்னர் இடப்பட்டமையால், துளை இருத்தல் பிற்காலத்தை நிறுவாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலையில் 12 அங்குல அலகுடைய கத்திகள் செய்யப்பட்டன, ஆர்.எவ்.ஐ. என்பது அதன் முத்திரை. மன்னரைப் பேரரசராகக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளும் இந்தியத் தயாரிப்பைக் காட்டுவன. பழைய நீண்ட அலகுகள் குறைக்கப்பட்டதும் உண்டு. எனவே, குறுகியது போலி என்றோ, சொரசொரப்பானது போலி என்றோ முடிவுசெய்தல் தவறு. போர்க்காலத்தில் விரைவும் சிக்கனமுமே உற்பத்தியை நிர்ணயித்தன. பிரித்தானியாவிலும் நான்காம் இலக்கத் துப்பாக்கிக்கு 8 அங்குல வெறும் முள்ளே போதுமெனக் கொள்ளப்பட்டது. மாறாக, எழுத்துகள் ஆழமின்றி மங்கியும், கறை எங்கும் ஒரே சீராகவும், மரப்பிடி உலோகத்தோடு இசையாமலும் இருப்பின் அது அண்மைக்காலப் போலியாதல் கூடும்.

சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்களை ஆராய்ந்தமை நாம் அறிந்தது. அலகு, பிடி, உறை ஆகிய மூன்றும் மூன்று கத்திகளிலிருந்து வந்து ஒன்றாதலும் இடைச்செருகல் போன்றதே. துருவைப் போக்கக் கத்தியைத் தீட்டுக்கல்லிற் கொடுப்பவர், பிழையெனக் கருதிய வரியை ஏட்டிலிருந்தே சுரண்டியெடுக்கும் பதிப்பாசிரியரை ஒப்பர். மெல்லிய எண்ணெய் பூசித் துணியால் துடைத்தலுக்கு மேல் எதுவும் செய்யத் தேவையில்லை.

இக்கத்தி எப்படைப்பிரிவினது என்பதே எனக்கு எஞ்சிய வினா. முதலாம் உலகப்போர்க் காலம் வரை படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் வரிசை எண்ணும் குமிழிற் பொறிக்கப்படுவது வழக்கம். கொட்டாஞ்சேனைக் கத்தியின் குமிழைப் புரட்டிப் பார்த்தேன். பளபளப்பு வேண்டி அவ்விடம் அரத்தால் முற்றாக அராவப்பட்டிருந்தது.