மருந்தளிக்கும் கைகள்

நுழையும்முன்

மருந்தைக் கண்டறிந்தோர் பலர். அதனை ஆக்குவோர் பலர். எழுதித் தருபவர் ஒருவர். நோயாளியின் உடலுக்குள் அதனைச் செலுத்துபவரும் ஒருவரே. பலருடைய அறிவும் உழைப்பும் அந்த ஒருவரின் கையில் வந்து முடிகின்றன. அக்கை செம்மையாகச் செயற்பட எவ்வெவ்முறைகள் வகுக்கப்பட்டுள்ளன என்பதை விளக்குகிறது இவ்வுரைநடை.

மருத்துவத்தின் நான்காம் உறுப்பு

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் உணவின் அளவைப் பேசித் தொடங்குகிறது. நோயின் காரணத்தை ஆராய்தலைச் சொல்லி வளர்கிறது. இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுத்து நிறைவடைகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூவகையோடு அருகிலிருந்து மருந்தளிப்பவரையும் வள்ளுவர் ஓர் உறுப்பாகவே எண்ணுகிறார். மருத்துவருக்கு ஏவல் செய்பவராக அன்றி, மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவரை வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்றைய மருத்துவமனையில் அந்நான்காம் உறுப்பாக விளங்குபவர் செவிலியர். மருத்துவர் எழுதுவதில் பிழை நேர்ந்தால் மருந்தாளுநர் கண்டு திருத்தலாம். மருந்தாளுநர் எடுத்துத் தருவதில் பிழை நேர்ந்தால் செவிலியர் கண்டு தடுக்கலாம். செவிலியரின் கையில் பிழை நேர்ந்தால் அதனைத் தடுக்க அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஆகவேதான், மருந்தளித்தல் என்பது நினைவாற்றலையோ கைவேகத்தையோ மட்டும் நம்பிச் செய்யும் பணியாக இல்லாமல், வரிசை பிறழாத சரிபார்ப்புகளைக் கொண்ட பணியாக அமைக்கப்பட்டுள்ளது.

உடலுக்குள் மருந்தின் பயணம்

மருந்து உடலுக்குள் என்ன ஆகிறது என்பதை அறிந்தவரே அதனை முறையாக அளிக்க இயலும். உட்கொண்ட மருந்து முதலில் உறிஞ்சப்படுகிறது. பின்னர்க் குருதியின் வழியே உடலெங்கும் பரவுகிறது. பெரும்பாலும் கல்லீரலில் வேதிமாற்றம் அடைகிறது. பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. இந்நான்கு படிகளுள் எதில் தடை நேர்ந்தாலும் மருந்தின் விளைவு மாறுபடும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு, இளைஞருக்குரிய அளவையே தொடர்ந்து கொடுத்தால், வெளியேற வேண்டிய மருந்து உடலிலேயே தேங்கி நஞ்சாகும் வாய்ப்பு உண்டு.

மருந்து செல்லும் வழியும் இப்பயணத்தை மாற்றும். நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கப்படும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்கிவிட்டால், அதன் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். நாவடியில் வைத்தால் நேரே குருதியில் கலந்து சில நிமிடங்களில் பயன் தரும். சில மாத்திரைகள் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்டவை. விழுங்க இயலாத நோயாளிக்கு உதவுவதாக எண்ணி அவற்றைப் பொடித்துக் கொடுத்தால், ஒரு நாளுக்குரிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் குருதியில் கலந்துவிடும். நல்லெண்ணத்தோடு மருந்தறிவும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

ஐந்து சரிபார்ப்புகள்

மருந்தளிக்கும் முன்னர்ச் செவிலியர் ஐந்தினை உறுதி செய்தல் வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பன அவை. உலகெங்கும் செவிலியக் கல்வியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம் இது.

நோயாளியை அடையாளம் காணக் கட்டில் எண் போதாது, கட்டில்கள் மாறக்கூடும். பெயரையும் மருத்துவமனைப் பதிவெண்ணையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். "நீங்கள்தானே முருகன்?" என்று கேட்டால், அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆம்" என்று தலையசைக்கக்கூடும். "ஐயா, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்பதே முறை. ஒரு சொல்லின் அமைப்பு மாறும்போது ஓர் உயிரின் பாதுகாப்பும் மாறுவதை இங்குக் காணலாம்.

மருந்தின் பெயரை மூன்று முறை படித்தல் வேண்டும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, அளந்து ஆயத்தம் செய்யும்போது ஒரு முறை, நோயாளிக்குக் கொடுக்கும் முன்னர் ஒரு முறை எனச் சிட்டையையும் மருந்து அட்டவணையையும் ஒப்பிட வேண்டும். ஒலியாலும் தோற்றத்தாலும் ஒத்த பெயர்கள் பல இருப்பதால், முதல் சில எழுத்துகளைக் கண்டு மருந்தை முடிவு செய்தல் கூடாது.

வழி என்பதில் வாய்வழி, தோலடி, தசைவழி, சிரைவழி எனப் பல உண்டு. பேச்சுவழக்கில் 'நரம்பூசி' எனப்படுவது உண்மையில் சிரைவழி ஊசியே ஆகும். புற்றுநோய்க்குச் சிரைவழியாக அளிக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, தவறுதலாகத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தப்பட்டால் உயிரைப் பறித்துவிடும். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே, வழி மட்டுமே வேறு.

நேரம் என்பதும் அத்தகையதே. எட்டு மணிநேரத்திற்கு ஒரு முறை தர வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் காலை, நண்பகல், இரவு என உணவு வேளைகளில் கொடுத்தால், இரவுக்கும் காலைக்கும் இடையே நெடிய இடைவெளி விழும். காலை 6, பிற்பகல் 2, இரவு 10 எனக் கொடுக்கும்போதுதான் குருதியில் மருந்தின் அளவு குன்றாமல் நிற்கும்.

இவ்வைந்தோடு பதிவு செய்தலும் ஆறாவதாகச் சேரும். கொடுத்தபின் உடனே எழுத வேண்டும். கொடுக்கும் முன்னர் எழுதுதல் கூடாது. எழுதாது விட்டால், அடுத்த பணிமுறைக்கு வரும் செவிலியர் அதே மருந்தை மீண்டும் கொடுக்க நேரிடும். ஒவ்வாமை உண்டா எனக் கேட்டறிதலும், கொடுத்தபின் நோயாளியிடம் தோன்றும் மாற்றங்களைக் கவனித்தலும் இப்பணியின் பிரிக்க முடியாத பகுதிகளாகும்.

அளவெனும் கணக்கு

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் முதுமொழி. மருந்தளித்தலில் இம்முதுமொழி கணக்காகவே மாறுகிறது.

12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் தர வேண்டுமெனில், ஒரு வேளைக்கு 180 மி.கி. தேவை. கடைகளில் இம்மருந்து பல செறிவுகளில் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள நீர்மம் என்றால் 7.2 மி.லி. தர வேண்டும், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மி.லி. போதும், 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டுமருந்து என்றால் 1.8 மி.லி.யே போதும். மருந்தின் பெயர் மூன்று குப்பிகளிலும் ஒன்றுதான். சென்ற முறை 7.2 மி.லி. கொடுத்தோம் என்ற நினைவில் சொட்டுமருந்தை அதே அளவு கொடுத்தால், 180 மி.கி.க்கு மாறாக 720 மி.கி. குழந்தையின் உடலுக்குள் சென்றுவிடும்.

நீரிழிவுக்குரிய இன்சுலினில் இக்கணக்கு இன்னும் கூர்மையானது. நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்ட இன்சுலினும் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழலும் வேறு. பொதுவாக 40 அலகுக் குழலின் மூடி சிவப்பாகவும், 100 அலகுக் குழலின் மூடி ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும். 20 அலகு தர வேண்டிய நோயாளிக்கு, 100 அலகு இன்சுலினை 40 அலகுக் குழலில் 20ஆம் கோடு வரை எடுத்தால், உள்ளே செல்வது 50 அலகு. குருதிச் சர்க்கரை விரைந்து வீழ்ந்து, வியர்வை, நடுக்கம், நினைவிழப்பு எனத் தொடர்ந்து உயிருக்கே இறுதியாகலாம். மாறாக, 40 அலகு இன்சுலினை 100 அலகுக் குழலில் அதே கோடு வரை எடுத்தால், செல்வது 8 அலகு மட்டுமே. சர்க்கரை கட்டுக்குள் வராது. எனவே, குப்பியில் அச்சிட்டுள்ள எண்ணும் குழலில் அச்சிட்டுள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இதனை இரண்டாவது செவிலியர் ஒருவர் தனியே சரிபார்ப்பது நல்ல நடைமுறையாகும்.

புள்ளியும் சுழியும்

எழுதும் முறையிலும் உயிர்காக்கும் இலக்கணம் உண்டு. இதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சின் மாத்திரையின் அளவு 0.25 மி.கி. ஆகும். முன்னுள்ள சுழியை விடுத்து '.25' என எழுதினால், மங்கிய புள்ளி கண்ணுக்குத் தப்பி '25' எனப் படிக்கப்படலாம். அதுபோலவே 5 மி.கி. என்பதை '5.0' என எழுதினால் '50' ஆகத் தோன்றலாம். ஆகவே, ஒன்றுக்குக் குறைந்த எண்ணின் முன்னே சுழி இட வேண்டும். முழு எண்ணின் பின்னே சுழி இடலாகாது. 'அலகு' என்னும் சொல்லையும் ஓரெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும் 'யு' என்னும் எழுத்து சுழியாகத் தோன்றி, 4 அலகை 40 ஆக்கிவிடும்.

நெருக்கடி நேரத்தில் மருத்துவர் வாய்மொழியாக ஆணையிட்டால், அதனை எழுதிக்கொண்டு, எழுதியதை அவரிடமே திரும்பப் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னரே செயற்படுத்த வேண்டும். ஆணையில் ஐயம் தோன்றினால் வினவுதல் செவிலியரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

தனிக்காவல் வேண்டும் மருந்துகள்

சிறு பிழையும் பெருந்தீங்காகும் மருந்துகள் சில உண்டு. செறிவு மிகுந்த பொட்டாசியம் குளோரைடு அவற்றுள் ஒன்று. நீர்க்கச் செய்து மெல்ல மெல்லச் செலுத்தினால் உடலின் குறையை நிறைவு செய்யும் இவ்வுப்பு, நீர்க்காமல் நேரே சிரையில் செலுத்தப்பட்டால் இதயத் துடிப்பை நிறுத்திவிடும். நிறமற்ற இம்மருந்தின் சிறுகுப்பி, வாலைவடிநீர்க் குப்பியைப் போலவே தோன்றும். ஆகையால், இரண்டையும் அருகருகே அடுக்காமல், பொட்டாசியத்தைத் தனியே பூட்டி வைத்தல் வேண்டும்.

டிகாக்சினில் நோய் தீர்க்கும் அளவும் நஞ்சாகும் அளவும் மிக நெருங்கியவை. அதனை அளிக்கும் முன்னர் ஒரு நிமிடம் முழுமையாக நாடித்துடிப்பை எண்ண வேண்டும். வளர்ந்தோர்க்குத் துடிப்பு 60க்குக் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தெரியுமா?

டிகாக்சின் வகை மருந்துகளின் மூலம் டிஜிடாலிஸ் என்னும் பூச்செடி. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், தாம் பல ஆண்டுகள் கண்டறிந்த அதன் பயனையும் நஞ்சையும் 1785இல் நூலாக வெளியிட்டார்.

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் வேலூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

பிழை நேர்ந்தால்

எத்துணைக் கவனம் இருப்பினும் மனிதர் பிழை செய்யக்கூடியவரே. பிழை நேர்ந்ததை உணர்ந்தவுடன் நோயாளியின் நிலையைக் கவனித்தல், மருத்துவரிடம் உடனே தெரிவித்தல், நடந்ததை நடந்தவாறே பதிவு செய்தல் ஆகியன செய்யப்பட வேண்டும். மறைக்கப்பட்ட பிழை இருமுறை தீங்கு செய்யும். இந்நோயாளிக்கு உரிய மாற்று மருத்துவம் தவறிப்போகும். அதே பிழை நாளை மற்றொருவருக்கு நேர்வதற்கும் வழி திறந்தே இருக்கும்.

ஆங்கில உளவியலறிஞர் ஜேம்ஸ் ரீசன் இதனைப் பாலாடைக்கட்டித் துண்டுகளின் உவமையால் விளக்கினார். ஒவ்வொரு துண்டிலும் துளைகள் உண்டு. துண்டுகளை அடுக்கும்போது ஒன்றின் துளையை மற்றொன்று மறைக்கும். எல்லாத் துளைகளும் நேர்கோட்டில் அமையும் அரிய வேளையில்தான் விபத்து நேர்கிறது. தெளிவற்ற கையெழுத்து, ஒத்த தோற்றமுடைய குப்பி, ஓய்வற்ற பணி, இடையில் வந்த தொலைபேசி அழைப்பு ஆகிய துளைகள் ஒன்றுகூடும்போது பிழை பிறக்கிறது. கடைசியில் நின்றவரை மட்டும் தண்டிப்பதால் துளைகள் அடைபடா. அஞ்சாமல் சொல்லும் சூழல் இருந்தால்தான் அவற்றைக் கண்டறிந்து அடைக்க முடியும்.

உலக நலவாழ்வு நிறுவனம், தீங்கற்ற மருந்தளித்தலை இலக்காகக் கொண்டு 2017இல் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,200 கோடி அமெரிக்க டாலர் செலவாவதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் நாட்டில் 2010இல் தொடங்கப்பட்ட மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் (1800 180 3024) மருந்தின் வேண்டா விளைவுகளைப் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

நம் பங்கு

மருந்தளித்தல் மருத்துவமனையோடு முடிவதில்லை. வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துத் தரும் பேரனும், குழந்தைக்கு மருந்து புகட்டும் தாயும் அந்நான்காம் உறுப்பின் பணியையே செய்கின்றனர். சமையலறைக் கரண்டிகள் ஒரே அளவின அல்ல; குப்பியுடன் வரும் அளவுமூடியையே பயன்படுத்த வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், சித்த மருந்துகள் உள்பட, மறைக்காமல் கூற வேண்டும். செவிலியர் மருந்தை அளந்து கொண்டிருக்கும்போது குறுக்கிட்டுப் பேசாதிருப்பதும் நாம் செய்யக்கூடிய உதவியே.

"உங்கள் பெயர் என்ன?" என்று மூன்றாம் முறையாகச் செவிலியர் கேட்கும்போது சலிப்படைய வேண்டுவதில்லை. பெயரைத் தெளிவாகச் சொல்வோம், "இஃது என்ன மருந்து?" என்று நாமும் கேட்போம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் உள்ள மருந்துகளின் பெயர், செறிவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் பட்டியலிடுக.

2. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரிடம் நேர்காணல் செய்வதற்கு ஐந்து வினாக்களை உருவாக்குக.

வினாக்கள்

1. முழு எண்ணின் பின்னே சுழி இடலாகாது – ஏன்? (குறுவினா)

2. பாலாடைக்கட்டி உவமையால் ஜேம்ஸ் ரீசன் உணர்த்தும் கருத்தை விளக்குக. (சிறுவினா)

3. மருந்தளித்தலில் சரிபார்க்க வேண்டியவற்றைத் தக்க சான்றுகளுடன் கட்டுரையாக்குக. (நெடுவினா)