விசா முடிந்தால் உயிருரிமையும் முடியுமா?

பெங்களூரு காவல் மரணம் எழுப்பிய கேள்விகளுக்கு விடை தர வேண்டியது நாடாளுமன்றம்

புதுதில்லி: பெங்களூரு ஜே.சி. நகர் காவல் நிலையத்தாரின் பிடியில் இருந்த காங்கோ நாட்டு மாணவர் ஒருவர் 2021 ஆகஸ்ட் 2-ம் தேதி காலையில் உயிரிழந்தார். அவருக்கு வயது 27. போதை மாத்திரைகள் வைத்திருந்ததாக முந்தைய நாள் நள்ளிரவில் பிடிக்கப்பட்டவர் அவர். அவரது விசா 2015-லும் பாஸ்போர்ட் 2017-லும் காலாவதியாகிவிட்டன என்று காவல் துறை தெரிவித்தது. நெஞ்சு வலிப்பதாகக் கூறியதால் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதாகவும், மாரடைப்பால் இறந்ததாகவும் விளக்கம் அளிக்கப்பட்டது. நண்பர்கள் அதை ஏற்கவில்லை. காவலில் துன்புறுத்தப்பட்டதே காரணம் என்பது அவர்களது குற்றச்சாட்டு.

அன்று பிற்பகலில் ஜே.சி. நகர் காவல் நிலையத்தின் முன் திரண்ட ஆப்பிரிக்க நாட்டவர்கள் மீது தடியடி நடத்தப்பட்டது. சிலர் கைது செய்யப்பட்டனர். மரணம் குறித்த விசாரணை சிஐடி பிரிவுக்கு மாற்றப்பட்டது. முதல்வர் பொறுப்பை ஏற்று ஒரு வாரம்கூட ஆகியிராத பசவராஜ் பொம்மை, போராட்டக்காரர்கள் மீது காவல் துறை எடுத்த நடவடிக்கையை ஆதரித்துப் பேசினார்.

விவகாரம் அத்துடன் அடங்கவில்லை. சில நாள்களில் காங்கோ தலைநகர் கின்ஷாசாவில் இந்தியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. பெங்களூரில் நிகழ்ந்த ஒரு காவல் மரணத்துக்கான விலையை, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இந்திய வணிகர்கள் கடல் கடந்து செலுத்த நேர்ந்தது.

அச்சமயம் தில்லியில் மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. பெகாசஸ் உளவு விவகாரத்தால் அவைகள் முடங்கின. மக்களவை 96 மணி நேரத்துக்குப் பதிலாக 21 மணி 14 நிமிடங்களே நடைபெற்று, குறித்த நாளுக்கு முன்பாகவே ஒத்திவைக்கப்பட்டது. ஓட்டுரிமை இல்லாத ஓர் அயல்நாட்டு இளைஞரின் மரணம் விரிவாக விவாதிக்கப்படுவதற்கான சூழல் அங்கு இருக்கவில்லை.

மினியாபொலிஸ் காட்டும் வேறுபாடு

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கவை, 2026 ஜனவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்த நிகழ்வுகள். சட்டவிரோதக் குடியேறிகளைப் பிடிப்பதற்காக அனுப்பப்பட்ட கூட்டாட்சி அதிகாரிகளின் துப்பாக்கிச் சூட்டில் அம்மாதம் 7-ம் தேதி ஒரு பெண்ணும் 24-ம் தேதி ஓர் ஆண் செவிலியரும் உயிரிழந்தனர். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள். மின்னசோட்டா ஆளுநரும் நகர மேயரும் அதிகாரிகளைத் திரும்பப் பெறுமாறு வலியுறுத்தினர். ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கான நிதி ஒதுக்கீடே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சிக்கலுக்குள்ளானது.

அங்கே இறந்தவர்கள் வாக்காளர்கள். அவர்களுக்காகப் பேச அரசியல் கட்சிகள் இருந்தன. பெங்களூரில் இறந்தவருக்கு அவரது நாட்டுத் தூதரகமும் சக மாணவர்களுமே துணை. உயிரின் மதிப்பு ஒன்றே என்றாலும், அதற்காக எழும் அரசியல் எதிர்ப்பின் அளவு குடியுரிமையைப் பொருத்து மாறுகிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

யார் குடியேற்ற அதிகாரி?

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துவதற்கென்று தனிப் படை உள்ளது. இந்தியாவில் விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் குடியேற்றப் பிரிவு பணியாற்றுகிறது. பெங்களூரு போன்ற நகரங்களில் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம் இயங்குகிறது. ஆனால், தெருவில் இறங்கி ஆவணங்களைச் சரிபார்ப்பதும், பிடிப்பதும், காவலில் வைப்பதும் மாநிலக் காவல் துறையினரே. நமது குடியேற்ற அதிகாரி பெரும்பாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தின் தலைமைக் காவலர்தான்.

இந்த நிலையை 2025-ல் நிறைவேற்றப்பட்ட குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் மேலும் உறுதிப்படுத்தியுள்ளது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு வந்த இச்சட்டம், 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தலைமைக் காவலர் நிலைக்குக் குறையாத எந்தக் காவலரும் பிடியாணையின்றிக் கைது செய்ய இது வகை செய்கிறது. உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறை, ரூ. 5 லட்சம் வரை அபராதம். விசாக் காலம் கடந்து தங்கினால் 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ. 3 லட்சம் வரை அபராதம். நாட்டுக்குள் நுழைய அனுமதிப்பது குறித்துக் குடியேற்ற அதிகாரி எடுக்கும் முடிவே இறுதியானது.

மசோதா அறிமுக நிலையிலேயே காங்கிரஸின் மனீஷ் திவாரியும் திரிணமூல் காங்கிரஸின் செளகதா ராயும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மக்களவையில் மார்ச் 27-ம் தேதி விவாதத்துக்குப் பதில் அளித்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்றார். நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்போரைத் தடுக்க இச்சட்டம் தேவை என்பது அரசின் நிலை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விசாக் காலம் முடிந்தும் தங்கியிருப்போரைத் திருப்பி அனுப்ப எந்த அரசுக்கும் உரிமை உண்டு. போதைப்பொருள் வணிகம் பெங்களூரில் ஒரு கற்பனைப் பிரச்னையும் அல்ல. ஆனால் அதிகாரத்தை விரிவாக்கும் அக்கறையோடு, அது தவறாகப் பயன்படுத்தப்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுப்பப்பட்டதா என்பதே பார்க்க வேண்டியது.

பெங்களூரில் தொடங்கும் எல்லை

எல்லை எங்கோ கிழக்கே இருப்பதாக நினைப்பது சரியல்ல. மாரத்தஹள்ளி, பெள்ளந்தூர், ராமமூர்த்தி நகர் ஆகிய பகுதிகளில் பிடிபட்ட 59 வங்கதேசத்தவர் 2019 நவம்பரில் பெங்களூரிலிருந்து ரயில் மூலம் ஹௌராவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். எல்லைப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைப்பதற்காகவே அந்தப் பயணம். மேற்கு வங்க மனித உரிமை அமைப்புகள் இதற்குக் கண்டனம் தெரிவித்தன.

அந்தப் படையின் எல்லைக் காவல் வரலாற்றில் மறக்க முடியாத நாள் 2011 ஜனவரி 7. மேற்கு வங்கத்தின் கூச்பிஹார் எல்லையில் தந்தையுடன் வேலி தாண்டிச் சொந்த நாட்டுக்குத் திரும்ப முயன்ற 15 வயது வங்கதேசச் சிறுமி சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் முள்வேலியில் பல மணி நேரம் தொங்கியது. அப்படம் வங்கதேச அரசியலையே உலுக்கியது. சுட்ட காவலரைப் படையின் சொந்த நீதிமன்றம் 2013-ல் விடுவித்தது. மறு விசாரணையிலும் 2015-ல் அதே முடிவு. குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது.

கடத்தல் கும்பல்கள் தாக்கும்போது தற்காப்புக்காகவே சுட நேர்கிறது என்று படையினர் கூறுகின்றனர். அவர்களிலும் காயமடைந்தவர்கள், உயிரிழந்தவர்கள் உண்டு. உயிர்ப்பலி ஏற்படுத்தாத ஆயுதங்களைப் பயன்படுத்துவதாக 2011-ல் உறுதி அளிக்கப்பட்டது. ஆயினும் 2024 செப்டம்பர் 1-ம் தேதி மெளலவிபஜார் எல்லையில் 13 வயதுச் சிறுமி குண்டுக்கு இரையானபோது, டாக்காவின் இடைக்கால அரசு தில்லியிடம் அதிகாரபூர்வமாக எதிர்ப்புத் தெரிவித்தது.

எல்லைப் படையின் அதிகார வரம்பு உள்நாட்டு அரசியலிலும் புயலைக் கிளப்பியது. அசாம், மேற்கு வங்கம், பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் அதன் எல்லையை 15 கிலோ மீட்டரிலிருந்து 50 கிலோ மீட்டராக மத்திய அரசு 2021 அக்டோபரில் நீட்டித்தது. பஞ்சாப் சட்டப்பேரவை நவம்பர் 11-லும், மேற்கு வங்கப் பேரவை நவம்பர் 16-லும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. பஞ்சாப் உச்ச நீதிமன்றத்தையும் அணுகியது. அந்த விவாதங்களில் ஓங்கி ஒலித்தது மாநில உரிமை. சுடப்படும் மனிதனின் உரிமை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சந்தேகமே தண்டனை

பெங்களூரில் இந்த அச்சம் வெளிநாட்டவரோடு நிற்பதில்லை. 2020 ஜனவரியில் கரியம்மன அக்ரஹாரத்தில் வங்கதேசத்தவரின் குடிசைகள் என்று கூறி ஏராளமான கூடாரங்கள் இடிக்கப்பட்டன. அங்கு வசித்தவர்களில் வட கர்நாடகத்தினரும், அசாம், மேற்கு வங்க, திரிபுராத் தொழிலாளர்களும் இருந்தனர். கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்டுக் காவல் துறையின் செயலைக் கண்டித்தது. பாதிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வு அளிக்கவும் உத்தரவிட்டது. 2025 டிசம்பரில் எலஹங்காவை அடுத்த கோகிலு லேஅவுட்டில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, குடியிருந்தோர் வங்கதேசத்தவரா என்ற வாதம் மீண்டும் எழுந்தது. இம்முறை மாநிலத்தை ஆண்டது காங்கிரஸ். கேள்வி எழுப்பியது பாஜக. கண்டித்தது கேரள முதல்வர் பினராயி விஜயன்.

2025-ல் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவர் தில்லியில் பிடிக்கப்பட்டு, வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டார். கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் உத்தரவும், உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் இல்லாவிட்டால், டிசம்பரில் அவர் தாயகம் திரும்பியிருக்க முடியாது. முதலில் பிடி, பிறகு விசாரி என்ற முறையில் குடிமகனும் தப்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. கடல் எல்லை தாண்டியதாகக் கூறி நம் மீனவர்கள் மீது இலங்கைக் கடற்படை சுட்டபோதெல்லாம், எல்லை தாண்டுதல் மரண தண்டனைக்குரிய குற்றமா என்று கேட்டவர்கள் நாம். 2017 மார்ச்சில் ராமேசுவரம் மீனவ இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோதும் அதையே கேட்டோம். அதே கேள்வியைக் கூச்பிஹாரிலும் கேட்பதே நேர்மை. தமிழகத்தில் முகாம்களில் மட்டும் சுமார் 58 ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் வாழ்கின்றனர். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது அரசாணை தந்த சலுகை. சட்டம் தந்த உரிமை அன்று.

நாடாளுமன்றம் செய்யத் தவறியது

வாழ்வுரிமையை உறுதி செய்யும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு, 'குடிமகன்' என்று சொல்லவில்லை; 'எந்த நபரும்' என்றே சொல்கிறது. அருணாசலப் பிரதேச சக்மாக்கள் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய விதிமுறைகளை வகுத்தது. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் கட்டாயம் என்று 2020 டிசம்பரில் ஆணையிட்டது. 2025 செப்டம்பரில், கேமராக்கள் இயங்காதது குறித்துத் தானாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்ய நேர்ந்தது.

நீதிமன்றம் பேசிய அளவுக்கு நாடாளுமன்றம் பேசவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதற்கு ஒப்புதல் அளிப்பதற்கான சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே 6-ம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. குழுவின் அறிக்கையும் வந்தது. மசோதாவோ 2014-ல் மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-ல் புதிய வரைவைத் தயாரித்துக் கொடுத்தது. அக்குழுவின் தலைவராக இருந்த அஸ்வனி குமார் உச்ச நீதிமன்றம் சென்றபோது, சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு ஆணையிட இயலாது என்று 2019-ல் மனு தள்ளுபடியானது.

காவல் துறையின் பிடியில் 2020-21-ல் 100 பேரும் 2021-22-ல் 175 பேரும் இறந்ததாக மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சிறை மரணங்களையும் சேர்த்தால் இரண்டாண்டுகளில் மொத்தம் 4,484. சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் மாண்டபோதும், திருப்புவனத்தில் 2025-ல் கோயில் காவலாளி இறந்தபோதும் தமிழகம் கொதித்தெழுந்தது. அதனால்தான் வழக்குகள் சிபிஐ வரை சென்றன. அத்தகைய கொந்தளிப்பு எழாத மரணங்களுக்கு எந்தக் கதி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிய குடியேற்றச் சட்டத்தில் தலைமைக் காவலருக்கு அதிகாரம் தர நாடாளுமன்றத்துக்கு மூன்று வாரங்களே தேவைப்பட்டன. மசோதா மார்ச் 11-ல் அறிமுகமாகி, ஏப்ரல் 2-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. அந்த அதிகாரத்தின் கீழ் ஓர் உயிர் போனால், சம்பந்தப்பட்ட துறைக்கு வெளியே உள்ள அமைப்பு விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் சித்திரவதைத் தடுப்புச் சட்டத்துக்கோ கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நேரம் கிடைக்கவில்லை. விசாவுக்கு உண்டு காலாவதித் தேதி. மனித உயிருக்கு அரசு ஏற்கும் பொறுப்புக்கும் அப்படி ஒரு தேதி உண்டா என்பதை எம்.பி.க்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.