கேட்டுவிட்டுப் பெயர் எழுதுங்கள்

மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தே ஆள் சேர்த்தார்கள். அவர்கள் சொல்தான் நற்சான்று. 1938இல் அந்த முறை முடிந்தது. இன்று திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்தவரின் சொல் தேவைப்படுகிறது. வானொலி நேயர்கள் என்னிடம் கேட்பது: “யார் பெயரைப் போடுவது?”

பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள். உறவினரும் வேண்டாம். உங்கள் உழைப்பை நேரில் பார்த்தவரைக் கேளுங்கள்: விரிவுரையாளர், பயிற்சிக்கால மேற்பார்வையாளர், விடுமுறையில் வேலை செய்த காய்கறித் தோட்டத்தின் மேலாளர்.

அவர் சம்மதித்த பிறகே கைப்பேசி எண்ணை எழுதுங்கள். எந்த நிறுவனம், என்ன வேலை என்று சொல்லி, சுயவிவரத்தையும் அனுப்பிவையுங்கள். திடீரென்று அழைப்பு வந்தால், உங்களை நன்கு அறிந்தவரும் தடுமாறுவார். அந்தத் தயக்கம் உங்கள் குறையாகத் தெரியும்.

வேலை கிடைக்காவிட்டாலும் அவருக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கும் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.