தறி வீட்டுப் புழக்கடைத் தோட்டம்

தறிக்குழியில் அமர்ந்த நெசவாளிக்கு இருவேளையும் செடிக்கு நீர் சுமக்க ஓய்வு இராது. தார் சுற்றுவதும் பாவு தோய்வதுமாக இல்லத்தாருக்கும் பொழுது போய்விடும். ஆதலின் ஆர்வத்துடன் தோட்டமிட்ட பலரும் இரண்டு மாதங்களில் அதனைக் கைவிடுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. ஒரே பயிரைப் பாத்தி முழுதும் இட்டு, அது நாள்தோறும் கவனிப்பை வேண்டுமாறு அமைத்ததே பிழை.

ஒரு சென்ட், அஃதாவது ஏறக்குறைய 436 சதுர அடி நிலம் போதும். முதற்கண் நின்று பயன் தருவனவற்றை நடுக. மேற்கு ஓரத்தில் முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி நின்றால் பிற்பகல் வெயிலின் கடுமை தணியும். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையுமாதலால் அது வாசற்படிக்குத் தொலைவில் இருத்தல் நன்று. விரைந்து பயன் வேண்டுவோர் பி.கே.எம். 1 முருங்கை விதையை ஊன்றலாம். ஆறு மாதங்களில் காய்க்கும். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட, மீண்டும் தழைக்கும்.

அகத்தி ஆளுயரம் வளர்ந்தபின், ஆடிப்பட்டத்தில் அதனடியில் அவரையை ஊன்றினால் தனிப்பந்தல் வேண்டா. இவ்விரண்டின் வேர்முடிச்சுகளும் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈட்டித் தருவன. இடைவெளிகளில் கத்தரி, வெண்டை, கொத்தவரை ஆகியவற்றைக் கலந்து நடுக. கலப்பில் பூச்சி எளிதில் பரவாது. பூசணிக்கொடி தரையை மூடினால் களை அடங்கும், ஈரமும் நிற்கும். வெற்றிடத்தில் சருகை நான்கு விரற்கடை உயரம் பரப்புக. குளித்த நீர் ஓடும் வாய்க்காலில் வாழையும் சேம்பும் தாமே வளரும்.

ஒன்றை மட்டும் மறவற்க. சாயத் தொட்டி நீரைச் செடிக்கு ஊற்றலாகாது. அதிலுள்ள உப்பும் காரமும் மண்ணைக் கெடுத்துவிடும். நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் சாயப்பட்டறைக் கழிவால் பாசனத்திற்கு உதவாமற் போனதை நாம் அறிவோம். பெரிய அணைக்கு நேர்ந்தது சிறு பாத்திக்கு நேர நெடுநாள் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது, தறி ஓயும், கூலியும் குறையும். ஆடியில் விதைத்த கத்தரியும் வெண்டையும் அப்போதுதான் கைகொடுக்கும். மார்கழியில் அவரை தொடரும். கடைக்குக் கடன் சொல்லாமல் அடுப்பில் குழம்பு கொதிக்குமாயின் அதுவும் ஒரு வருமானமே. அடுத்த ஆடிக்கு முன் ஒவ்வொரு தறி வீட்டாரும் ஒரு சென்ட் நிலத்தைக் கொத்தி வைப்பார்களாக.