பழைய மோட்டார் சைக்கிளில் ஆயில் கசிவு: காரணமும் பரிகாரமும்

ஆரணி வட்டாரத்தில் நிலமும் தறியும் சேர்ந்தே உள்ள குடும்பங்கள் பல. காலையில் பால் கேன், பகலில் உர மூட்டை, மாலையில் ஆரணிக்குக் கொண்டு போகும் பட்டுச் சேலை, அங்கிருந்து கொண்டு வரும் நூல் என்று எல்லாச் சுமையும் வீட்டில் உள்ள ஒரே மோட்டார் சைக்கிள் மேல்தான் ஏறுகிறது. அந்த வண்டி பதினைந்து, இருபது ஆண்டு ஓடியதாக இருந்தால், நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு கறுப்பு வட்டம் விழுவது வழக்கமாகிவிடுகிறது. பழைய வண்டி, அப்படித்தான் ஒழுகும் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

இது விட்டுவிடக் கூடியதல்ல. நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் இடைவிடாது ஒழுகினால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டுகள். இருபது சொட்டு ஒரு மில்லி என்று கணக்கிட்டால் 72 மில்லி ஆயிற்று. மாதத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் போய்விடும். பழைய 350 சி.சி. புல்லட் என்ஜின் முழுவதும் கொள்ளும் ஆயிலே சுமார் இரண்டேகால் லிட்டர்தான். ஆயில் குறைந்து ஓடும் என்ஜினில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் ஒரு போக நெல்லின் லாபம் பட்டறைக்குப் போய்விடும். பின்சக்கரத்தில் ஆயில் பட்டால் பால் கேனோடு ஈரச் சாலையில் சறுக்கும். மடியில் கட்டிக் கொண்டுபோகும் பட்டில் ஒரு துளி ஆயில் பட்டாலும் அந்தச் சேலை முழு விலைக்குப் போகாது.

ஆயில் கசிவுக்குப் பேர் பெற்றது பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் உருவான இந்த வண்டி, 1950-களின் நடுப்பகுதி முதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தயாரானது. இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடிய பிறகும் அதே அமைப்பில் பல பத்தாண்டுகள் இங்கே ஓடி வந்தது. என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்சு செயின் பெட்டி மூன்றுக்கும் தனித்தனி ஆயில். ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்த பல மூடிகள். இணைப்பு எத்தனையோ கசிவுக்கும் அத்தனை வழி. ராயல் என்ஃபீல்டு என்ற பேரை ராயல் ஆயில்ஃபீல்டு, அதாவது எண்ணெய் வயல், என்று அந்த நாட்டுக்காரர்களே கேலியாக மாற்றிச் சொல்வதுண்டு. ஆனாலும் ஒழுகுவது அந்த வண்டியின் தலையெழுத்து அல்ல. ஒழுகும் புல்லட்டுகளில் பலவற்றுக்கு நோய் பேக்கிங்கில் இல்லை. அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலிலும் அடைத்துக்கொண்ட காற்றுக் குழாயிலும் இருக்கிறது.

முதலில் ஆயில் அளவைப் பார்ப்போம். இந்த என்ஜினில் ஆயில் தொட்டி தனியே தொங்குவதில்லை. என்ஜின் கூட்டுக்குள்ளேயே பின்பக்கம் ஓர் அறையாக இருக்கிறது. இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று தொட்டியிலிருந்து ஆயிலை என்ஜினுக்கு அனுப்பும். மற்றது பிஸ்டனுக்குக் கீழே சேர்ந்த ஆயிலைத் திரும்பத் தொட்டிக்கு இழுக்கும். வண்டி பத்து நாள் ஓடாமல் நின்றால், தொட்டியில் உள்ள ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிஸ்டனுக்குக் கீழ் உள்ள அறைக்கு இறங்கிவிடும். நடவு, அறுவடை வேலை முடிந்து வண்டியை எடுப்பவர் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கிறார். ஆயில் இல்லை என்று காட்டுகிறது. அரை லிட்டர் ஊற்றுகிறார். ஸ்டார்ட் செய்ததும் கீழே இறங்கிய ஆயிலும் மேலே ஏறிவர, இப்போது அரை லிட்டர் மிகுதி. மிகுதியானது காற்றுக் குழாய் வழியாகவும் கிடைத்த இடுக்கு வழியாகவும் வெளியேறும். வண்டி ஒழுகுகிறது என்று இவர் பேக்கிங் மாற்றப் போகிறார்.

ஆகவே அளவைப் பார்ப்பதற்கு முன் என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். அணைத்து ஓரிரு நிமிடம் கழித்து, நடு ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, கம்பியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தால் போதும். மேல் கோட்டைத் தொட வேண்டும் என்ற ஆசை வேண்டாம்.

அடுத்தது காற்றுக் குழாய். மெக்கானிக்குகள் பிரீதர் என்பார்கள். புல்லட்டின் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் 346 சி.சி., அதாவது ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, காற்றைக் கீழே தள்ளுகிறது. வண்டி ஓடும்போது இது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும். அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். வெளியிலிருந்து உள்ளே திரும்பவும் கூடாது. இதற்காகப் பல மாடல்களில் வாத்தின் அலகுபோல் தட்டையான வாயுள்ள ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். அது வெயிலிலும் சூட்டிலும் விறைத்துப் பிளந்துவிடும், அல்லது புழுதியும் ஆயிலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே அடைபட்ட காற்று ஆயிலையும் தள்ளிக்கொண்டு எல்லா இணைப்பிலும் வெளியேறப் பார்க்கும். புதுப் பேக்கிங் போட்டாலும் ஒரு வாரத்தில் மறுபடி ஒழுகுவதன் காரணம் இதுதான். குழாயைக் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, ஒரு பக்கம் ஊதினால் காற்றுப் போக வேண்டும், உறிஞ்சினால் வரக்கூடாது. இல்லையேல் புதிது போட வேண்டும். இது விலை குறைந்த சாமான்.

குழாய் நன்றாக இருந்தும் அதன் வழியே புகை இடைவிடாமல் வந்து, சைலென்சரிலும் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு வெளியே எத்தனை பசை பூசினாலும் பயனில்லை. போர் வேலை செய்தாக வேண்டும்.

இந்த இரண்டையும் சரிபார்த்த பிறகும் ஒழுகினால், எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆயில் சொட்டும் இடம் வேறு, புறப்படும் இடம் வேறு. மேலே ராக்கர் மூடியில் கசிவது இறங்கி, ஓட்டக் காற்றில் பின்னால் நகர்ந்து, கியர்பாக்ஸுக்கு அடியில் சொட்டும். என்ஜின் ஆறியபின் டீசலும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவி, பழந்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் திருநீற்றை மெல்லத் தூவி, ஆரணியிலிருந்து சேவூர் வரை போய்வரும் அளவு ஓட்டி வந்து பார்த்தால், கசிவு தொடங்கும் இடத்தில் திருநீறு நனைந்து கோடு காட்டும். முகப் பவுடரும் ஆகும். கோலப் பொடி மட்டும் கூடாது; கல் மாவு என்ஜினுக்குள் போனால் அரைத்துவிடும். வெளிச்சம் உள்ள காலை நேரத்தில் பார்ப்பது நல்லது. பல ஆண்டு அழுக்குப் படிந்த வண்டியை இரண்டு முறை கழுவ வேண்டியிருக்கும்.

ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களின் முனையில் கசிந்தால், அங்குள்ள செம்பு வாஷரைப் பார்க்க வேண்டும். செம்பு பலமுறை இறுக்கினால் கெட்டிப்பட்டுவிடும். அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகி நன்றாகப் பதியும். செம்பு இரும்பைப்போல் தண்ணீரில் கெட்டியாவதில்லை. வலப்பக்கம் டாப்பெட் மூடியும், இடப்பக்கம் கிளட்சு செயின் மூடியும் நடுவே ஒரே நட்டால் நிற்பவை. கசிகிறதே என்று பலத்தைக் காட்டி முறுக்கினால் மூடி வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். ரப்பரை மாற்றி, அளவாக இறுக்குவதே வழி. அலுமினியத்தில் போல்ட்டை மிகையாக முறுக்கினால் மரையும் போய்விடும்.

பேக்கிங் மாற்றும்போது இரண்டு தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. அட்டையை என்ஜின் கூட்டின் மேலேயே வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டுவது ஒன்று. தட்டத் தட்ட அலுமினிய ஓரம் நசுங்கி, பிறகு எந்தப் பேக்கிங்கும் பதியாது. கத்தரிக்கோலால் வெட்டுவதே சரி. இரண்டாவது, சிலிகான் பசையை வெண்ணெய் போல் தடவுவது. உள்ளே பிதுங்கிய பசை பிய்ந்து போய் ஆயில் வழியை அடைக்கும். ஆயில் போகும் துளை அருகே பசை படவே கூடாது. மற்ற இடங்களில் இரு முகத்தையும் சுத்தம் செய்து, சன்னமாக ஒரு பூச்சு பூசினால் போதும். மூடியின் முகம் வளைந்திருந்தால், கண்ணாடித் தட்டின் மேல் நைசான உப்புத்தாளை விரித்து வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். தேய்த்த பிறகு தூள் போகக் கழுவியாக வேண்டும்.

பழைய ஸ்பிளெண்டர், சி.டி. 100 வகை வண்டிகளில் கதை வேறு. இவற்றில் ஆயில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், சிறு கசிவும் சீக்கிரம் ஆபத்தாகும். கியர் மாற்றும் தண்டு, கிக்கர் தண்டு, முன் பற்சக்கரத் தண்டு ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஆயில் சீல்களே பெரும்பாலும் ஒழுகும். முன் பற்சக்கரத்தின் பின்னால் சேறும் ஆயிலும் களிபோல் உருண்டிருந்தால் அந்த சீல் போய்விட்டது. வயல் சேற்றோடு ஓடும் வண்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட்டின் வாஷரையும் மாற்ற வேண்டும். இந்த வண்டிகளில் அளவுக் கம்பியைத் திருகாமல், சும்மா வைத்து எடுத்தே பார்க்க வேண்டும்.

பழைய டூ ஸ்டிரோக் மொபெட்டில் சைலென்சர் இணைப்பில் கறுப்பாக வழிவது என்ஜின் கசிவு அல்ல. பெட்ரோலில் கலந்த ஆயில் முழுதும் எரியாமல் வருவது அது. கலக்கும் அளவைச் சரிபார்த்து, சைலென்சரைச் சுத்தம் செய்தால் நிற்கும்.

பின் பிரேக் லைனரில் ஆயில் ஊறிவிட்டால் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வழக்கமாக இருக்கிறது. ஊறியது சூட்டில் மறுபடி வெளியே வரும். லைனரை மாற்றத்தான் வேண்டும். பேக்கிங் மாற்றிய வண்டியைச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டியபின், என்ஜின் நன்றாக ஆறிய நிலையில் போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலைக் கால்வாயிலோ, கிணற்றடியிலோ, எருக்குழியிலோ ஊற்றக் கூடாது. அதில் என்ஜின் தேய்ந்த உலோகத் தூளும் எரிந்த கசடும் இருக்கும். சட்டப்படியே அது அபாயக் கழிவு. மாட்டின் புண்ணுக்குத் தடவும் பழக்கமும் கெடுதலானது. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் சேகரிப்பவர்களுக்குத் தரும் பட்டறையில் ஒப்படைக்கலாம்.