சன்னதும் வாரிசும்: காலனிய ஆட்சியின்கீழ்ச் சிவகங்கை ஜமீன், 1801–1949

1. முன்னுரை

காலனிய ஆட்சியின்கீழ் அரச மரபினர் நிலவுடைமையாளராக மாறிய வரலாறு, பெரும்பாலும் அவத் நாட்டின் ராசபுத்திரத் தாலுக்தார்களை முன்வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. வாளும் குலமரபும் கொண்டு ஆண்ட குடிகள், ஆங்கிலேயர் அளித்த சாசனத்தைப் பெற்று, ஆண்டுதோறும் கிஸ்தி செலுத்தும் நிலக்கிழார்களாயின என்பது அவ்வரலாற்றின் சுருக்கம். இதே மாற்றம் தமிழகத்தின் மறவர் சீமையில் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே நிகழ்ந்தது. அதன் விளைவுகளைச் சிவகங்கை ஜமீனில் தெளிவாகக் காணலாம்.

சிவகங்கையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் 1801ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் நடத்திய போர்களின் ஒளியில் அதற்குப் பிந்திய நூற்றைம்பது ஆண்டுகள் மங்கித் தோன்றுகின்றன. அப்பிற்காலத்தையே இக்கட்டுரை ஆராய்கின்றது. கும்பினியார் அளித்த சன்னது ஜமீனை ஒரு மனிதருக்குத் தந்ததா, ஒரு குடும்பத்துக்குத் தந்ததா என்ற வினா விடையின்றி விடப்பட்டது. அவ்வினாவே ஒரு மகளுக்கு உரிமையைப் பெற்றுத் தந்தது. ஜமீனை வழக்குமன்றங்களில் நீண்ட காலம் அலைக்கழித்ததும் அதுவே. இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. பாளையம் ஜமீன் ஆனமை

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதிகளின் நாடு பிரிவுற்றபோது, ஐந்தில் இரண்டு பங்கு சசிவர்ணப் பெரிய உடையாத் தேவருக்கு உரியதாகிச் சிவகங்கைச் சீமை தோன்றியது. 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கியதில் முத்துவடுகநாதத் தேவர் வீழ்ந்தார். அவர் மனைவி வேலு நாச்சியார் ஐதர் அலியின் ஆதரவுடன் 1780இல் சீமையை மீட்டார். பின்னர் ஆட்சிப் பொறுப்பு மருது சகோதரரிடம் சென்றது. 1801ஆம் ஆண்டுப் போரின் முடிவில் அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

போர் முடியுமுன்பே கும்பினியார் ஒரு முடிவை எடுத்திருந்தனர். மருதுவின் அதிகாரம் செல்லாது என அறிவித்து, படமாத்தூர்க் கிளையைச் சேர்ந்த கௌரி வல்லபப் பெரிய உடையாத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக 1801இல் ஏற்றுக்கொண்டனர். அவரை ஏற்பதன் வாயிலாக நாட்டு மக்களை மருதுவிடமிருந்து பிரிப்பது அவர்கள் நோக்கம். இவ்வாறு அரசியல் தேவைக்காகச் செய்யப்பட்ட நியமனம் பின்னர்ச் சட்ட வினாவாக உருவெடுத்தது.

1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிலையான வரித்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 1803இல் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் சன்னது இஸ்திமிரார் என்னும் நிரந்தரச் சாசனம் வழங்கப்பட்டது. செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை என்றைக்கும் மாறாததாக வரையறுக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஜமீன்தார் நிலத்தின் உடைமையாளராக அறிவிக்கப்பட்டார். ஆயுதம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. பாளையக்காரரின் ஆட்சிக்கு அடிப்படையாக இருந்த காவல் உரிமையும் அவர் கையைவிட்டுப் போயிற்று. படை, காவல், நீதி ஆகிய மூன்றும் நீங்க, எஞ்சியது நிலவருவாய் மட்டுமே. ஆயினும், ஒருவர் மட்டுமே ஆள்வது, நாட்டைப் பங்கிடுவதில்லை என்ற அரசமரபு நீங்கவில்லை. பங்கிட முடியாத அரசுரிமை, பங்கிட முடியாத சொத்துரிமையாக உருமாறி நின்றது. பின்வந்த வழக்குகளுக்கு வித்திட்டது இவ்வுருமாற்றமே.

3. 1829ஆம் ஆண்டின் வினா

கௌரி வல்லபர் 1829இல் ஆண்மகவு இன்றி இறந்தார். அவருக்கு மனைவியரும் பெண்மக்களும் இருந்தனர். உடன்பிறந்தாரான ஓய்யாத் தேவர் அவருக்கு முன்னரே இறந்திருந்தார். ஓய்யாத் தேவரின் மகன் முத்துவடுகர், கூட்டுக் குடும்பத்தின் ஆண் உறுப்பினர் என்ற முறையில் ஜமீனைக் கைக்கொண்டார். அவருக்குப்பின் அது அவர் வழியினரிடமே சென்றது.

முத்துவடுகர் தரப்பின் வாதம் மிதாட்சர நெறியை ஒட்டியது. பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவர் ஆண்சந்ததியின்றி இறந்தால் அவர் பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேரும். விதவைக்கும் மகளிர்க்கும் சீவனாம்சமே உண்டு என்றனர். கௌரி வல்லபரின் மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சிவகங்கை தம் கணவர்க்கு முன்னோர் வழி வந்ததன்று. கும்பினியார் அவருக்கென்றே அளித்தது. ஆகவே அது அவருடைய சுயார்ச்சிதம் என்பது நாச்சியார் தரப்பின் வாதம்.

இவ்வழக்கில் 1847இல் நாச்சியாருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் செய்த மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 1850இல் அவர் காலமானார். கௌரி வல்லபரின் மகளான காத்தமநாச்சியார் வழக்கைத் தம் கையில் எடுத்து, 1856இல் புதிய வழக்குத் தொடுத்தார். சென்னையில் அவருக்கும் தோல்வியே கிடைத்தது. அவரும் இலண்டனுக்கு மேல்முறையீடு செய்தார்.

4. 1863ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1863 நவம்பர் 30ஆம் நாள் பிரிவி கவுன்சில் காத்தமநாச்சியாருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதன் நியாயம் மூன்று படிகளாக அமைகின்றது.

முதலாவது, 1801இல் நிகழ்ந்தது முன்னோர் உரிமையின் மீட்பன்று. கும்பினியார் செய்த புதிய கொடை. எனவே ஜமீன் கௌரி வல்லபரின் தனிச்சொத்து. இரண்டாவது, குடும்பம் பாகம் பிரியாதது என்றே வைத்துக்கொண்டாலும், தனிச்சொத்தில் பங்காளிகளுக்கு உடனுரிமை இல்லை. உடனுரிமை இல்லாத இடத்தில், எஞ்சியிருப்போர் என்ற முறையில் அவர்கள் அதனை அடைய இயலாது. ஆகவே அச்சொத்து பாகம் பிரிந்தவரின் சொத்தைப் போலவே மகன், மனைவி, மகள் என்ற வரிசையில் இறங்கும். மூன்றாவது, கணவன் சொத்துக்காக விதவை நடத்திய வழக்கின் முடிவு பின்வரும் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் அவ்வழக்கு முறையாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கமுத்து நாச்சியாரின் வழக்கு அவ்வாறு முடிவுறாமையால் மகளின் வழக்குக்கு அது தடையாகவில்லை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மருது சகோதரரை வீழ்த்தும்பொருட்டுக் கும்பினியார் தம் விருப்பப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். அத்தேர்வே அறுபது ஆண்டுகளுக்குப்பின், குடும்பத்து ஆண்களின் உரிமையை விலக்கி ஒரு பெண்ணின் உரிமையை நிறுவும் சான்றாயிற்று. ஜமீன் பழைய அரசமரபின் தொடர்ச்சி என நிறுவப்பட்டிருந்தால் காத்தமநாச்சியாரின் வாதம் வலுவிழந்திருக்கும். மரபின் தொடர்ச்சியை மறுத்த ஒரு முடிவே மகளுக்குத் துணைநின்றது.

இவ்வெற்றிக்கும் எல்லை இருந்தது. காத்தமநாச்சியார் 1877இல் மறைந்தபின் கௌரி வல்லபரின் மகள்வழிப் பேரர்களுக்கிடையே வழக்கு மூண்டது. மகள் அடையும் உரிமை வரம்புக்கு உட்பட்டது. அவளுக்குப்பின் சொத்து அவளுடைய வாரிசைச் சேர்வதன்று, இறுதியாக முழு உரிமையுடன் ஆண்ட ஆணின் வாரிசையே சேரும் என 1881இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதன்படி துரைசிங்கத் தேவரின் உரிமை உறுதிப்பட்டது. பெண் ஜமீனை ஆளலாம். ஆயின் தன்னிலிருந்து ஒரு புதிய வழியைத் தொடங்க இயலாது என்பதே இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து தரும் நிலை.

5. அவத்தின் ராசபுத்திரத் தாலுக்தார்கள்: ஓர் ஒப்பீடு

1856இல் அவத் நாடு ஆங்கிலேயரால் இணைக்கப்பட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தாலுக்தார் பலர் பங்குகொண்டனர். 1858 மார்ச்சில் கானிங் பிரபு, சிலரைத் தவிர ஏனையோரின் நிலவுரிமையைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தார். பின்னர்ப் பணிந்தோர்க்குச் சன்னது வழங்கி நிலங்களை மீட்டளித்தார். கிளர்ச்சி, பறிமுதல், புதிய கொடை என்ற இவ்வரிசை 1801ஆம் ஆண்டுச் சிவகங்கையை நினைவூட்டுகின்றது.

ஆனால் அடுத்த நடவடிக்கையில் இரண்டும் வேறுபடுகின்றன. அவத்தில் வாரிசு வினா வழக்குமன்றத்தின் முடிவுக்கு விடப்படவில்லை. 1869ஆம் ஆண்டின் அவத் நிலக்கிழமைச் சட்டம் தாலுக்தார்களைப் பட்டியலிட்டு, எவரெவர் மரபில் சொத்து ஒரே வாரிசுக்கு இறங்கும் என்பதனை எழுத்தில் வரையறுத்தது. அச்சட்டத்தின் வாரிசு வரிசையில் உடன்பிறந்தாரும் அவர்தம் ஆண்வழியினரும் விதவைக்கு முன் நிற்கின்றனர். சிவகங்கை அச்சட்டத்தின்கீழ் அமைந்திருந்தால் ஓய்யாத் தேவரின் மகனே வென்றிருப்பார். அங்கமுத்து நாச்சியாருக்கு வழக்குத் தொடுக்கும் இடமே இராது.

எனவே சட்டத் தெளிவு அவத்தின் ராசபுத்திரக் குடும்பங்களுக்கு நிலைபேற்றை அளித்தது. அதே தெளிவு அக்குடும்பங்களின் பெண்களைப் பின்தள்ளியது. மறவர் சீமையின் தெளிவின்மை பெண்ணுக்கு வழிவிட்டது. அதே தெளிவின்மை ஜமீனை முப்பத்துநான்கு ஆண்டு வழக்கில் ஆழ்த்தியது.

பங்கிடாத நிலக்கிழமை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஹேர்னிங்கில் உள்ள ஹேர்னிங்ஸ்ஹோல்ம் போன்ற பழைய பண்ணை மாளிகைகள் டென்மார்க்கின் நிலக்கிழார் வாழ்வுக்குச் சான்றாக நிற்கின்றன. அந்நாட்டில் உயர்குடியினரின் பெருநிலங்கள் பல, பங்கிடவும் விற்கவும் இயலாத மரபுரிமையாக ஆளப்பட்டன. 1849ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அத்தகைய புதிய உரிமைகளை ஏற்படுத்துவதைத் தடைசெய்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவற்றையும் கலைத்து, நிலத்தின் ஒரு பகுதியைச் சிறுகுடியானவர்க்கு வழிசெய்தது. அங்குப் பங்கிடாமை தளர்த்தப்பட்டுவந்த காலத்தில், சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் இறுக்கப்பட்டது.

6. வழக்கின் விலை

வழக்குகளின் செலவு ஜமீனின் வருவாயிலிருந்தே சென்றது. ஜமீன் கடனில் ஆழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சிவகங்கை நீண்டகாலக் குத்தகையாக ஐரோப்பியர் கைக்குச் சென்றது. அண்டை ஜமீனான இராமநாதபுரமும் வழக்கிலிருந்து தப்பவில்லை. அங்கு விதவை ராணி செய்த சுவீகாரம் செல்லுமா என்ற வினா 1868இல் பிரிவி கவுன்சிலில் முடிவுற்றது. கணவனின் உறவினர் இசைவுடன் விதவை சுவீகாரம் கொள்ளலாம் எனவும், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு நூல்விதியினும் வலிமை உடையது எனவும் அத்தீர்ப்புக் கூறியது.

1888இல் வட இந்திய வழக்கொன்றில், மாறான வழக்காறு மெய்ப்பிக்கப்படாவிடின், பங்கிடாச் சொத்தினை உடையவர் அதனைத் தம் விருப்பப்படி பிறர்க்கு அளிக்கலாம் எனப் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஜமீன்கள் கடன்காரர் கையில் சிதறிவிடும் என்ற அச்சம் சென்னையில் எழுந்தது. அதன் விளைவே 1904ஆம் ஆண்டின் பங்கிடா நிலக்கிழமைச் சட்டம். அச்சட்டம் ஜமீன்களைப் பட்டியலிட்டு, விற்கவும் ஈடுவைக்கவும் உள்ள அதிகாரத்தைக் கட்டுப்படுத்தியது. அவத் 1869இல் செய்ததனை ஒத்த ஒன்றைச் சென்னை முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் செய்தது.

இவ்வரலாற்றில் குடியானவரின் நிலை தனியே கருதத்தக்கது. நிலத்தில் மேல்வாரம் அரசனுக்கும் குடிவாரம் உழுபவனுக்கும் உரியன என்பது பழைய முறை. 1802ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்தாரை உடைமையாளர் என்றதனால் குடிவார உரிமை ஐயத்துக்குள்ளாயிற்று. உழுபவரின் உரிமையை அச்சட்டம் பாதிக்கவில்லை என 1822இல் ஒரு விளக்கச் சட்டம் கூறியது. ஆயினும் பட்டா, முச்சலிகா, ஜப்தி ஆகியவற்றில் குடிகளுக்கும் ஜமீனுக்கும் இடையிலான பூசல் நீடித்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை ஜமீன் நிலச் சட்டமே உழுபவரின் நிலைத்த உரிமையைத் தெளிவாக ஏற்றது. ஜமீன் எவருக்கு உரியது என்ற வினா 1863இல் விடைபெற்றது. நிலத்தில் உழுபவருக்கு என்ன உரிமை என்ற வினா அதன்பின் மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது.

ஜமீன் வருவாயின் ஒரு பகுதி தமிழ்க்கல்விக்கும் சென்றது என்பதனை மறத்தலாகாது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியபோது பாஸ்கர சேதுபதி அதற்குத் துணைநின்றார். இன்றைய தமிழாய்வுக்கு அடித்தளமிட்ட பதிப்புப் பணிகள் சிலவற்றின் பின்னே மறவர் சீமைக் குடியானவர் செலுத்திய வாரமும் உண்டு.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1949இல் சிவகங்கையும் இராமநாதபுரமும் அரசின் பொறுப்பில் வந்தன. கோயில்களைப் பேணும் தேவஸ்தானப் பொறுப்பு மட்டும் அரண்மனைகளிடம் எஞ்சியது.

7. முடிவுரை

சிவகங்கை ஜமீனின் வரலாறு, ஒரு சாசனம் சொல்லாமல் விட்டதன் வரலாறு எனலாம். எவருக்குக் கொடுத்தோம் என்பதனைக் கும்பினியார் எழுதினர். எந்த முறையில் இறங்கும் என்பதனை எழுதவில்லை. அவ்விடைவெளியில் இரு பெண்கள் தலைமுறை கடந்து வழக்காடினர். இந்து வாரிசுச் சட்டத்தில் தனிச்சொத்துப் பற்றிய ஒரு முதன்மை விதி அவர்கள் முயற்சியால் உருவாயிற்று. பிற்கால வழக்குகளில் அவ்விதி சிவகங்கை வழக்கு என்ற பெயராலேயே எடுத்தாளப்பட்டது.

சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் மருது சகோதரரின் காலத்தைப் பாடுகின்றன. அங்கமுத்து நாச்சியாரையும் காத்தமநாச்சியாரையும் அறிய நாம் வழக்குமன்ற ஆவணங்களையே நாட வேண்டியுள்ளது. வழக்குக்காகத் தொகுக்கப்பட்ட அர்ஜிகள், கணக்குகள், சாட்சியங்கள் ஆகியன ஆங்கில மொழிபெயர்ப்பில் சட்ட அறிஞரின் கைக்கே பெரிதும் எட்டியுள்ளன. அவற்றைத் தமிழ்ச் சமூக வரலாற்றின் மூலங்களாகக் கொண்டு, அவற்றிற்கு அடிப்படையான தமிழ் ஆவணங்களுடன் ஒப்பிட்டு ஆராய்வது தமிழியல் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாறு செய்யின், 1801க்குப் பிந்திய மறவர் சீமை வீழ்ச்சியின் வரலாறாக மட்டும் தோன்றாது. உரிமை எது, அது எவருக்கு உரியது என்று ஒரு சமூகம் நூற்றைம்பது ஆண்டுகள் வழக்காடிய வரலாறாகவும் விளங்கும்.